தலைமைப் பண்பு: சுமார்

போன தடவை எங்க ஊர் உப்பளங்களைப் பத்தி எழுதி முடிக்கும்போது, அடுத்தது பக்கிங்ஹாம் கால்வாய் என்று சொல்லியிருந்தேன். கால்வாய் எங்கேயும் ஓடிப்போகாது (அது ஓடுவதை நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு). இந்த வாரம் வேற ஒரு விஷயம் தொண்டையில் சிக்கிக்கிட்டு இருக்கு. அதை முதலில் இறக்கி வெச்சிடறேன்.

ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கேளம்பாக்கத்தில் வண்டலூர் ரோடு வந்து ஓ.எம்.ஆரில் முட்டுகிற இடத்திலிருந்து பத்து நிமிஷ நடை. சித்தி பொண்ணு பி.எஸ்ஸி நர்ஸிங் ஆறாவது செமஸ்டர். எங்க ஊர்க்காரங்களுக்கு நர்ஸிங் மாணவிகள் புதுசில்லை. செட்டிநாடு ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாலே யூனிஃபார்ம் கூட்டம்தான். இவள் படிப்பது அங்கே இல்லை, வேறொரு கல்லூரி. பேர் வேண்டாம்.

வழக்கமா நான் போனால், "அண்ணா, லேப்டாப் ஸ்லோவா இருக்கு பாரு" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்னைக்கு ஒண்ணும் பேசலை. சித்திதான் கண்ணைக் காட்டினாங்க. மேசை மேல் ஒரு தாள். ஒரு வாரம் வார்டில் மாணவி-இன்சார்ஜ் ஆக இருந்ததற்கான மதிப்பீடு. டூட்டி லிஸ்ட் போடுறது, ஸ்டாக் பாக்குறது, ஜூனியர்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்குறது, ஓவர் குடுக்குறது எல்லாத்திலும் நல்ல மார்க். கடைசி வரியில் "தலைமைப் பண்பு", ஐந்துக்கு இரண்டு. பக்கத்தில், இன்னும் துணிச்சலாகப் பேசப் பழக வேண்டும் என்று ஒரு குறிப்பு.

"நான் லீடர் ஆகுற ஆள் இல்லன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்கண்ணா. எதுக்கு ஐசியூ, இன்சார்ஜ்னு கனவெல்லாம்? ஏதாவது கிளினிக்ல சேர்ந்து ஊசி போட்டுட்டு உக்காந்துக்கறேன்."

அப்புறம் தட்டுத் தட்டா கதை வந்தது. அந்த வாரம் புதன்கிழமை. வயிற்று ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள் ஒரு அம்மா. சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை ஒவ்வொரு ஷிஃப்டிலும் 18, 18, 18. இவளுக்குப் பொறுக்கலை. பக்கத்தில் நின்னு வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணியிருக்காள். 30. ஸ்டாஃப் நர்ஸிடம் சொன்னாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், அப்ப சொல்லிக்கலாம் என்று பதில். ஒரு ஜூனியரை அந்த அம்மா பக்கத்திலேயே நிக்க வெச்சாள். இன்னொருத்தியிடம் மத்த படுக்கைகளின் பி.பி., டெம்பரேச்சரைக் குடுத்தாள். மறுபடி ஸ்டாஃபிடம் போய், நானே போய் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு வரட்டுமான்னு கேட்டுட்டு, போய்க் கூப்பிட்டு வந்துட்டாள். அரை மணி நேரத்தில் அந்த அம்மாவை ஐசியூவுக்கு மாத்திட்டாங்க.

மதிப்பீடு செய்ய மேடம் வந்தது மறுநாள். தலைமை எத்தனை வகைப்படும், அதில் உன்னுடையது எது என்று எல்லார் முன்னாடியும் கேட்டிருக்காங்க. இவள் பேசாமல் நின்னிருக்காள். ஐந்துக்கு இரண்டு.

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே இறங்கியும் போச்சு. காரணம், போன மாசம்தான் ஆபீஸில் அப்ரைசல் முடிஞ்சது. என் டீமில் ஒரு பையன். வேலையில் சுத்தம், மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டான். அவனுக்கு "லீடர்ஷிப்" கட்டத்தில் நான் போட்டதும் ஐந்துக்கு இரண்டுதான். "வாய்திறந்து பேச வேண்டும்" என்று கமெண்ட் வேற. இதை சித்தி வீட்டில் சொல்லவில்லை. இங்கே சொல்றேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராமல், நர்ஸிங்கில் இந்தக் கட்டத்தை யார் முதலில் போட்டாங்க என்று தேடப் போனேன். தேடினால் நேரா ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மாவிடமே கொண்டுபோய் விட்டுடுச்சு.

நமக்கு அவரைக் கையில் விளக்கோடு நிற்கிற படமாகத்தான் தெரியும். நிஜத்தில் அவர் ஃபார்ம் போடுவதில் மன்னி. கிரிமியப் போர் முடிந்தபின் மக்கள் திரட்டிக் கொடுத்த நிதி கிட்டத்தட்ட 45,000 பவுண்டு. அதை வைத்து 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். முதல் அணியில் 15 பெண்கள். அப்போதே அவருக்கு உடம்பு படுத்துவிட்டது. 1857லிருந்து அவர் பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வராதவர். பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரிய ஒரே வழி காகிதம். அதனால் ஒவ்வொரு பயிற்சி நர்ஸுக்கும் மாசாமாசம் ஒரு தாள். மேட்ரன் திருமதி சாரா வார்ட்ரோப்பர் அதை நிரப்ப வேண்டும்.

அந்தத் தாளில் இரண்டு பகுதி. ஒன்று தொழில் பகுதி: கட்டுப் போடுவது, படுக்கை விரிப்பது, அட்டை விடுவது (ஆமாம், ரத்தம் உறிஞ்சுகிற அதே அட்டை), நோயாளிக்குச் சமைப்பது, வார்டில் காற்றோட்டம் வைப்பது என்று 14 தலைப்புகள். "நோயாளியைக் கவனித்தல்" என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் உட்தலைப்புகள் நீண்டுகொண்டே போகும். இன்னொன்று குணப் பகுதி. அதில் ஐந்தே தலைப்பு. நேரம் தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம், வார்டு நிர்வாகம். மதிப்பெண்கள்: மிக நன்று, நன்று, சுமார், குறை, பூஜ்யம்.

பார்த்ததும் சிரிச்சுட்டேன். ஐந்து படி ரேட்டிங்! நம்ம ஹெச்.ஆர். ஆளுங்க ஏதோ நேத்துக் கண்டுபிடிச்ச மாதிரி பவர்பாயின்ட் போட்டுக் காட்டுறது 1860லேயே வந்தாச்சு.

சிரிப்பு அடங்கினதும் ரெண்டாவது தலைப்பு கண்ணில் பட்டது. அமைதி. சத்தம் போடாமல் இருப்பதற்கு அங்கே மார்க் உண்டு. என் தங்கச்சியை 1860ல் கொண்டுபோய் விட்டிருந்தால் அந்த வரியில் "மிக நன்று" வாங்கியிருப்பாள். 160 வருஷத்தில் அதே குணம் தாளின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இடம் மாறியிருக்கு. நோயாளிக்குப் பக்கத்தில் தேவைப்படுவது என்னவோ மாறின மாதிரித் தெரியலை.

ஐந்தாவது தலைப்பைக் கவனியுங்க. "தலைமை" என்ற வார்த்தையே கிடையாது, "வார்டு நிர்வாகம்" தான். நைட்டிங்கேல் 1859ல் எழுதின நர்ஸிங் குறிப்புகள் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கு. அதில் அவர் சொல்வதை என் பாஷையில் சொன்னால்: நீ இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. நீ இல்லாதபோதும் அதே ஒழுங்கில் நடக்க என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. ப்ராடக்‌ஷன் சப்போர்ட் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். "நான் லீவுல இருந்தப்ப சிஸ்டம் படுத்துடுச்சு, பாத்தீங்களா என் அருமை" என்று பெருமைப்படுகிறவன் தன் வேலையைச் சரியாகச் செய்யாதவன்.

சரி, இவ்வளவு நல்ல தாள், இவ்வளவு யோசித்துச் செய்த தலைப்புகள். வேலை செய்ததா?

இல்லை. முதல் பத்து வருஷம் தாள்கள் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தன. 1872 வாக்கில் நைட்டிங்கேல் பள்ளியின் விஷயங்களில் நேரடியாக இறங்கிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பயிற்சிப் பெண்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய ஆஸ்பத்திரி டாக்டர் விட்ஃபீல்டு பாடமே எடுப்பதில்லை, குடிப்பழக்கம் வேறு. வார்டு சிஸ்டர்கள் இந்தப் பெண்களை வேலைக்காரிகளாகத்தான் பயன்படுத்தினார்கள். வார்ட்ரோப்பர் அம்மையார் தன் மனசுக்குப் பட்டபடி மார்க் போட்டுக்கொண்டிருந்தார். டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, சர்வர் மட்டும் படுத்துக்கிடக்கு!

அதுக்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடிச்சது. தாளைத் தூக்கி எறியவில்லை. ஆனால் அதை மட்டும் நம்புவதை விட்டார். பயிற்சிப் பெண்களை ஒவ்வொருத்தராகத் தன் அறைக்கு வரச்சொல்லிப் பேச ஆரம்பித்தார். என்ன பார்த்தாய், என்ன செய்தாய் என்று கேட்டுக் கேட்டுத் தானே குறிப்பு எழுதி வைத்தார். அவர்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லி அதையும் வாங்கிப் படித்தார். விட்ஃபீல்டு போய் கிராஃப்ட் என்ற டாக்டர் வந்தார். பெண்களோடு கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஹோம் சிஸ்டர் என்று ஒரு பதவி வந்தது.

அப்படியும் அவர் கணிப்பு எல்லாமே பலித்துவிடவில்லை. லூசி ஆஸ்பர்ன் கதை தெரியுமா? செயின்ட் தாமஸில் பயிற்சி முடித்தவர். ஐந்து நர்ஸுகளுக்குத் தலைவியாக 1868 மார்ச்சில் சிட்னி போய் இறங்கினார். இறங்கின ஒரே வாரத்தில் அங்கே சுற்றுப்பயணம் வந்திருந்த விக்டோரியா ராணியின் மகனை ஒருத்தன் சுட்டுவிட்டான். பிழைத்த இளவரசரைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்தப் புது நர்ஸுகள். அந்தப் புகழ் ரொம்ப நாள் நிற்கவில்லை. டாக்டர்களோடு சண்டை, கூட வந்த நர்ஸுகளோடு மனஸ்தாபம், பைபிளை எரித்தார் என்று ஒரு பழி, அதற்கு ஒரு விசாரணை. லண்டனில் நைட்டிங்கேல் இவர் மேல் நம்பிக்கை இழந்துவிட்டார், இவரை அனுப்பியதே தப்பு என்கிற அளவுக்கு. 1873ல் அரசு விசாரணைக் கமிஷன் ஆஸ்பத்திரியை அலசிவிட்டு, தப்பு நிர்வாகத்தின் மேல், ஆஸ்பர்ன் செய்தது நல்ல வேலை என்று எழுதியது. அவர் 1884 வரை அங்கேயே இருந்தார். ஆஸ்திரேலியாவில் இன்றைக்கு நவீன நர்ஸிங்கைத் தொடங்கி வைத்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். ஃபார்மைக் கண்டுபிடித்தவரே ஃபெயில் போட்ட ஆள்!

இன்னொரு சங்கதி. 1860களின் கடைசியிலிருந்து அந்தப் பள்ளியில் இரண்டு வகைப் பெண்கள் சேர்ந்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி பெறுகிற சாதாரண வீட்டுப் பெண்கள் ஒரு வகை. பணம் கட்டிச் சேருகிற பெரிய இடத்துப் பெண்கள் இன்னொரு வகை. மேட்ரனாகவும் சூப்பரின்டெண்டன்டாகவும் போக வேண்டியவர்கள் என்று இரண்டாவது வகையைத்தான் எண்ணியிருந்தார்கள். தாளில் மார்க் விழுவதற்கு முன்னாடியே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டாச்சு.

இது அப்படியே கப்பல் ஏறி நம்ம ஊருக்கும் வந்தது.

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் மெட்ராஸோடு அவருக்கு ஒரு நூல் இருந்தது. மெரினா போகும்போது தாண்டுகிறோமே நேப்பியர் பாலம், அந்த நேப்பியர் 1866லிருந்து 1872 வரை இங்கே கவர்னர். கிரிமியப் போர் நேரத்தில் கான்ஸ்டான்டினோப்பிள் தூதரகத்தில் வேலை பார்த்தவர். அங்கே நைட்டிங்கேலைத் தெரியும். கவர்னர் ஆனபின் சுகாதாரம், நர்ஸ் என்று இரண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. 1871ல், அவர் காலத்திலேயே, மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் பள்ளி வந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற அதே ஜி.ஹெச். தான். இந்தியாவின் முதல் நர்ஸிங் பள்ளி என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். மருத்துவச்சிகளுக்கான பயிற்சி அதற்கும் முன்னாலேயே, 1854ல், மெட்ராஸில் தொடங்கிவிட்டது.

படிக்க வந்தவர்கள் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பெண்கள். பிறகு இந்தியக் கிறிஸ்தவப் பெண்கள். மற்றவர்கள் வீட்டில் இந்த வேலையைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதைத் தனியாகச் சொல்லணுமா? முன்பின் தெரியாத ஆம்பளை உடம்பைத் தொடணும், மலமூத்திரம் எடுக்கணும், எந்த சாதி என்று பார்க்காமல் எடுக்கணும். என் ஆயா (அப்பாவின் அம்மா) இன்னைக்கும் தங்கச்சி படிப்பைப் பத்தி யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில படிக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்திடுவாங்க. டாக்டருக்குப் படிக்குதுன்னு அவங்களா நினைச்சுக்கட்டும்னு ஒரு கணக்கு.

மேலே உட்காரும் நாற்காலி ரொம்ப காலம் வெள்ளைக்காரப் பெண்களுக்கே. மேட்ரன், நர்ஸிங் சூப்பரின்டெண்டன்ட் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் சுதந்திரத்தை ஒட்டித்தான் நம் பெயர்கள் வர ஆரம்பிக்கும். 1905ல் லக்னோவில் ஒரு நர்ஸிங் சூப்பரின்டெண்டன்டுகள் சங்கம் உருவானது. அடுத்த சில வருஷத்தில் இந்தியப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் சங்கம். அதையும் ஆரம்பத்தில் நடத்தினவர்கள் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள்தான். இங்கே பிறந்த பெண் வார்டில் எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் அவளைத் தலைவியாக அளந்து பார்க்கும் தாளே யாரிடமும் இல்லை.

வேலூர் கதை கொஞ்சம் வேறு. ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு படுக்கையோடு 1900ல் தொடங்கி, 1902ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி கட்டினார். அங்கே 1909ல் டீலியா ஹாட்டன் என்ற அமெரிக்க நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, உள்ளூர்ப் பெண்களைச் சேர்த்துப் பழக்கினார். 1946ல் அதே இடத்தில் நர்ஸிங் பட்டப்படிப்பு வந்தது. அதே வருஷம் டெல்லியிலும். போர் (ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைந்த சுகாதாரக் கமிட்டி, யுத்தம் இல்லை) அறிக்கை வெளிவந்ததும் அதே 1946. இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அதில் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாயிரம் சொச்சம் நர்ஸுகளை வைத்துக்கொண்டு ஒரு நாடு. சொல்லிக் கொடுக்க, நடத்த, வார்டுக்குப் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்பதால்தான் பட்டப்படிப்பே வந்தது. பரீட்சைக்கும் டிகிரிக்கும் அப்பால் இதில் "தலைமைக்குத் தயார் செய்வது" முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கு.

பரீட்சை என்றதும் ஞாபகம் வருது. நர்ஸுகளுக்குப் பொதுப் பரீட்சை வைத்து அரசுப் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும் என்று இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு ஃபென்விக் அம்மையார் 1880களின் கடைசியில் கிளம்பியபோது, கடுமையாக எதிர்த்தவர் யார் தெரியுமா? நைட்டிங்கேல். பரீட்சையால் ஞாபகசக்தியை அளக்கலாம், வார்டில் ஒரு பெண் எப்படி நடந்துகொள்வாள் என்பதை அளக்க முடியாது என்பது அவர் கட்சி. முப்பது வருஷச் சண்டை. 1919ல் இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் வந்தபோது அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் 1926ல் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம்.

என்னைக் கேட்டால் ரெண்டு அம்மையாரும் பாதி சரி. ஃபென்விக் வழி இல்லாவிட்டால் மேட்ரன் மனசு வைத்தால்தான் நர்ஸ் என்றாகியிருக்கும். பணக்காரப் பெண், வெள்ளைக்காரப் பெண் என்று அந்த வரிசை போய்க்கொண்டே இருந்திருக்கும். பரீட்சைத் தாளுக்கு சாதி தெரியாது, நிறம் தெரியாது. அந்த மட்டும் அது பெரிய விடுதலை. ஆனால் மூச்சு 18 என்று எழுதியிருப்பதை நம்பாமல் வாட்சைப் பார்த்து நிற்கிறவளைப் பரீட்சைத் தாளால் கண்டுபிடிக்க முடியாதுங்கறதும் உண்மைதான்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிடறேன். 1975ல் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் என்ற பேராசிரியர் ஒரு புது முறை கொண்டுவந்தார். மாணவர்கள் மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு மேசையாக நகர்ந்து ஒவ்வொரு வேலையைச் செய்து காட்டணும், எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். ஆஸ்கி என்று மாணவிகள் வாயில் அடிபடுவது அதுதான். கட்டுப் போடுவதை ஐந்து நிமிஷத்தில் அளந்துவிடலாம். ஒரு வார்டை எட்டு மணி நேரம் தாங்கிப் பிடிப்பதை? தலைமைக்கென்றே கேள்வித்தாள்களும் வந்தன. 1980களில் கூசஸ், போஸ்னர் என்ற ரெண்டு பேர் போட்ட 30 கேள்வி ரொம்பப் பிரபலம். மாணவர்களுக்கென்று தனிப் பதிப்பும் உண்டு. நம்மை நாமே மார்க் போட்டுக்கணும், கூட இருக்கிறவங்களும் போடுவாங்க. ஆபீஸில் செல்ஃப் ரேட்டிங் போடும்போது நாம என்ன செய்யறோம்னு எல்லாருக்கும் தெரியும். கேக்கவே வேணாம் :-)

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது வேறொரு பெயரில். பாட்ரிஷியா பென்னர். அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை. 1984ல் அவர் எழுதின புத்தகம் கத்துக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவர் வரை ஐந்து படிகளாக ஒரு நர்ஸின் வளர்ச்சியைப் பிரிக்கிறது. படித்ததும் "இதை எங்கேயோ பார்த்திருக்கோமே" என்று தோணுச்சு. ட்ரேஃபஸ் மாடல்! சாஃப்ட்வேர் ஆளுங்க புத்தகத்தில் அடிக்கடி வருமே, அதே தான். ஸ்டூவர்ட் ட்ரேஃபஸ், ஹூபர்ட் ட்ரேஃபஸ் என்ற அண்ணன் தம்பி செஸ் ஆடுறவங்களையும் விமானிகளையும் பார்த்து 1980ல் அமெரிக்க விமானப்படைக்கு எழுதிக் கொடுத்தது. பென்னர் அதை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனார். எங்க கூட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது அதற்கப்புறம். நர்ஸுகளிடமிருந்து நாங்க கத்துக்கிட்டோம்னு எங்க ட்ரெயினிங்கில் ஒருத்தரும் சொன்னதில்லை.

பென்னர் அந்த ஐந்து படிகளை நர்ஸிங்கில் எப்படித் தேடினார் என்பதுதான் விஷயம். கட்டம் போட்ட தாளை அவர் நீட்டவில்லை. புதிதாக வந்தவரையும் அனுபவசாலியையும் ஜோடியாக எடுத்து, இருவரும் சேர்ந்து கண்ட ஒரு சம்பவத்தைத் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். என்ன பார்த்தீங்க, எது உறுத்திச்சு, அப்புறம் என்ன செஞ்சீங்க. புதியவர் விதிகளைச் சொன்னார், அனுபவசாலி நோயாளியைச் சொன்னார். நைட்டிங்கேல் தன் அறைக்கு வரவழைத்துக் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தானே?

நம்ம பக்கம் இந்தியன் நர்ஸிங் கவுன்சில் 2021ல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில், ஆறாவது செமஸ்டருக்கு "நர்ஸிங் நிர்வாகமும் தலைமையும்" என்றே ஒரு பாடம் இருக்கு. வார்டில் மாணவிக்குப் பொறுப்பைக் கொடுத்துப் பார்ப்பதும் அதன் பகுதி. பாடத்தில் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியலை. ஆனால் பொறுப்பைக் கொடுக்கிற அன்று பார்க்க ஆள் வேண்டும். ஒரு ஆசிரியைக்கு எத்தனை வார்டு, எத்தனை மாணவி என்று தங்கச்சியிடம் கேட்டேன். சிரிச்சாள். அந்த மேடம் மேல் எனக்கு இருந்த மிச்சக் கோபமும் அங்கேயே போச்சு.

கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகிறவர்கள் சானடோரியம் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்குக் காரணமான ஆஸ்பத்திரியை 1928ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காகத் தொடங்கினார். 1937ல் அரசு எடுத்துக்கொண்டது. 1940களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை காசநோய்க்கு மருந்து என்று ஒன்றும் கிடையாது. காற்று, ஓய்வு, சாப்பாடு, அதைத் தவறாமல் நடத்திக்காட்டுகிற நர்ஸ். அவ்வளவுதான் வைத்தியம். 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல ஆஸ்பத்திரிகள் வாசலோடு திருப்பி அனுப்பியபோது அவர்களைச் சேர்த்துக்கொண்டதும் இதே தாம்பரம்தான். 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில மையங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முந்தைய வருஷங்களில், தொடப் பயந்துகொண்டு எல்லாரும் தள்ளி நின்றபோது, முதலில் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தவர் ஒருத்தர் இருந்திருப்பார் இல்லையா? அவரைப் பார்த்து அடுத்தவர் போயிருப்பார். அவருடைய தாளில் கடைசி வரியில் என்ன மார்க் இருந்ததோ.

செவ்வாய்க்கிழமை என் மேனேஜருக்கு மெயில் போட்டேன். அந்தப் பையனுடைய ஃபார்மைத் திறந்துவிட முடியுமா, ஒரு கட்டத்தை மாத்தணும் என்று. போன தீபாவளி ராத்திரி டேட்டாபேஸ் நிரம்பப் போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரை எழுப்பி, வேலையைப் பிரிச்சுக் குடுத்து, காலையில் ஒரு வரி மெயில் போட்டுட்டுத் தூங்கப் போனவன் அவன். அது எனக்கு ஃபார்ம் நிரப்பும்போது ஞாபகம் வரலை. ஒரு பக்கத்துக்கு எழுதி மெயிலோடு இணைச்சிருக்கேன். சைக்கிள் லாக் ஆயிடுச்சு, அடுத்த அப்ரைசலில் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கு. அவனிடம் இன்னும் பேசவில்லை. நாளைக்குப் பேசணும்.

தங்கச்சியிடம் அந்தத் தாளின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கு, புதன்கிழமை நடந்ததை அப்படியே எழுதி மேடம்கிட்ட குடு, மார்க் மாறாட்டியும் பரவாயில்லை என்றேன். "அதெல்லாம் வேணாம்ணா" என்றாள். நேத்து ராத்திரி வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருக்காள். முதல் வரி: படுக்கை 14, காலை 10.20, மூச்சு 30, முழு நிமிஷம் எண்ணினேன்.

கால்வாய் அடுத்த வாரம். நிச்சயமா.